2,500 பேர் கணக்கு

அன்புள்ள சங்கரனுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். பார்வை திரும்பியதும் நீ செய்த முதல் வேலை என்னோடு சண்டைக்கு வந்ததுதான் போலிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் 2,500 அமெரிக்க வீரர்களை விட்டுவைத்திருந்தால் காபூல் விழுந்திருக்காது என்கிறாய். அமெரிக்க ஜெனரல்கள் மில்லியும் மெக்கென்சியும்கூட அத்தனை பேரை வைத்திருக்க வேண்டும் என்பதே தங்கள் கருத்து என்று 2021 செப்டம்பரில் அமெரிக்க செனட் விசாரணையில் சொன்னார்கள். ஆனாலும் கணக்கு உதைக்கிறதே, அய்யா.

அந்த 2,500 பேர் மேல் தாலிபான் கை வைக்காமல் இருந்தது பயத்தால் அல்ல. 14 மாதத்தில் போய்விடுகிறோம் என்று 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கா தாலிபானுக்கு ஒப்பந்தமாக எழுதிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு தாலிபான்கள் ஆப்கன் சிப்பாய்களைக் கொன்றார்கள், அமெரிக்கர்களை விட்டுவிட்டார்கள். போகமாட்டோம் என்று சொல்லியிருந்தால் அந்தச் சலுகை என்ன ஆகியிருக்கும்? காபூலுக்கு வடக்கே இருந்த பக்ராம் விமானத் தளம் ஒன்றை நடத்திக் காக்கவே 5,000 பேர்வரை தேவைப்பட்டிருக்கும் என்று அதே விசாரணையில் அப்போதைய அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ஆஸ்டின் சொன்னார். அதையும் சேர்த்துப் படி.

சிறிய படையில் பெரும்பகுதி தன்னைத்தானே காத்துக்கொள்வதிலேயே தீர்ந்துவிடும். காயம்பட்டவன் ஒரு மணி நேரத்துக்குள் அறுவை மேசைக்கு வந்தாக வேண்டும் என்பது 2009 முதல் அமெரிக்கப் படையின் விதி. அதற்கு ஹெலிகாப்டர், அதை ஓட்ட, பழுதுபார்க்க ஆள், மருத்துவர், ரத்தம், இவற்றுக்கெல்லாம் காவல். 2012-இல் ஆப்கன் சீருடையில் இருந்தவர்களே கூட்டாளிகளைச் சுடுவது பெருகியபின், ஆலோசனை சொல்லப் போகிறவருக்கும் துப்பாக்கியோடு துணை வேண்டியதாயிற்று. கடலும் கிடையாது. 2011 நவம்பரில் பாகிஸ்தான் எல்லைச் சாவடியான சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் இறந்ததும், கராச்சியிலிருந்து வரும் சாலையைப் பாகிஸ்தான் ஏழு மாதம் மூடியது. சரக்கு மத்திய ஆசியாவைச் சுற்றி, கூடுதல் செலவில் வந்தது.

உண்மையில் முறிந்தது வேறு இடத்தில். ஆப்கன் காவல் சாவடிகள் பலவற்றுக்குச் சாலை தாலிபான் கையில். சோறும் தோட்டாவும் வானத்திலிருந்துதான் வரவேண்டும். அதைக் கொண்டுபோன ஆப்கன் ஹெலிகாப்டர்களைப் பறக்க வைத்தவர்கள் அமெரிக்கா கூலிக்கு அமர்த்திய ஒப்பந்த மெக்கானிக்குகள். தோஹா ஒப்பந்தத்தில் சிப்பாய்களோடு ஒப்பந்தப் பணியாளர்களும் வெளியேற வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது; அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2021 தொடக்கத்தில் ஒப்பந்தப் பணியாளர்கள் எண்ணிக்கை அமெரிக்கச் சிப்பாய்களைப்போல் ஆறு மடங்குக்கு மேல். அவர்கள் போனபின் பழுதுபார்ப்பைத் தொலைவிலிருந்து வீடியோவில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். கியர்பாக்ஸை வீடியோவிலா கழற்ற முடியும்? ஹெலிகாப்டர் நின்றது, சாவடி சரணடைந்தது.

சோவியத் ஆதரவில் ஆப்கானிஸ்தானை ஆண்ட நஜிபுல்லாவை நினைத்துப் பார். 1989 பிப்ரவரி 15 அன்று கடைசி சோவியத் படைப்பிரிவு எல்லை ஆறான ஆமு தரியாவின் பாலத்தைக் கடந்து வெளியேறியது. அதற்குப் பிறகும் அவர் மூன்று வருடம் தாக்குப்பிடித்தார். மாஸ்கோ மாவு, எரிபொருள், குண்டு, பணம் எல்லாம் அனுப்பிக்கொண்டே இருந்தது. 1992 தொடக்கத்தில் அது நின்றது. ஏப்ரலில் ஆட்சி போயிற்று.

அப்படியானால் மெக்கானிக்குகளை மட்டும் வைத்திருக்கலாமே என்பாய். அவர்களுக்கும் காவல் வேண்டும், மறுபடி அதே செக்கு. ஆப்கானியர்களுக்குப் பழகிய வண்டி ரஷ்யாவின் எம்ஐ-17 ஹெலிகாப்டர். அதன் பழுதுகளில் பெரும்பகுதியை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். 2017-இல் அதற்குப் பதிலாக அமெரிக்கர்கள் தங்கள் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரைத் தரத் தொடங்கினார்கள், அதற்கோ ஏறக்குறைய முழுக்க வெளியாள் கை வேண்டும். வாதாடுவதானால் அந்த வருடத்திலிருந்து தொடங்கு, வருகிறேன்.

சொட்டு மருந்தை விடாமல் போடு. ராத்திரி விளக்கில் பதில் எழுதாதே.

அன்புடன்,
கோபாலன்