மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த மகளுக்கு

பிரியமான மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகமாயிருக்கிறோம். நீ அனுப்பிய செய்தியும், விடுதி ஜன்னலிலிருந்து எடுத்த படமும் வந்து சேர்ந்தன. நான்கு மாதங்களில் இது மூன்றாவது நாடு என்று உன் அம்மா விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். விமானம் தாமதமானதையும், குளிர் கடுமையாயிருப்பதையும், அலுவலகக் கூட்டம் நல்லபடியாக முடிந்ததையும் எழுதியிருந்தாய். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. அதைப் பற்றிக் கேட்பதில்லை என்று உன் அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்; ஆகையால் கேட்கவில்லை.

நீ புறப்பட்டபோது உன் பெட்டியின் பக்க அறையில் நான் வைத்த, பிறருக்குக் கொடுப்பதற்கான சுவிசேஷக் கைப்பிரதிகள் அப்படியே உன் அலமாரியின் மேல்தட்டில் இருப்பதைப் போன வாரம் பார்த்தேன். அதைப் பற்றியும் கேட்கவில்லை. பயணத்தில் எதிர்ப்படுகிற மனிதர்களிடம் நம் விசுவாசத்தை எப்படிப் பேச்சோடு பேச்சாகச் சொல்வது, அதாவது எப்படிச் சாட்சி சொல்வது, என்பதை மட்டும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இவையெல்லாம் உனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்ததையே திரும்பச் சொல்வது தகப்பன்மார்களின் வியாதி என்று நீ சிரிப்பாய், சிரித்துக்கொண்டாவது வாசி.

முதலாவது, பேச்சைப் போதனையில் தொடங்காதே. சமாரியாவின் கிணற்றங்கரையில் ஆண்டவர் இயேசு, தண்ணீர் மொள்ள வந்த ஸ்திரீயிடம் பேசிய முதல் வார்த்தை "தாகத்துக்குத் தா" என்பதுதான். அவர் வழிநடந்து இளைத்துப்போயிருந்தார். கையில் மொள்ளுவதற்குப் பாத்திரமும் இல்லை. ஆகவே கொடுக்கிற இடத்தில் அவளை வைத்து, வாங்குகிற இடத்தில் தாம் நின்றுகொண்டார். அந்நிய நாட்டில் இருக்கிற உனக்கு இது எளிதாகவே வாய்க்கும், ஏனென்றால் வழி தெரியாதவளும் பாஷை தெரியாதவளும் நீதான். வழி கேள், அவர்கள் பாஷையில் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேள், அவர்கள் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேள். உதவி செய்த மனிதர் தாமாகவே உன்னைப் பற்றி விசாரிப்பார். அப்போது சொல்ல வேண்டியதைச் சொல்ல இடம் உண்டாகும். அப்போஸ்தலர் பேதுருவும் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றுதான் எழுதினார். கேட்காதவர்களுக்கு என்ன செய்வது என்று அந்த வசனத்தில் இல்லை. அதே வசனத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது. மனப்பாடம் ஒப்பிக்கும்போது நீ அந்த இரண்டு சொற்களை எப்போதும் விட்டுவிடுவாய், நான் திருத்துவேன்.

இரண்டாவது, அழைக்கப்படாமல் இரதத்தில் ஏறாதே. காசாவுக்குப் போகிற வனாந்தர வழியில் எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் ஆகமத்தை வாசித்துக்கொண்டு போனபோது, சுவிசேஷகனாகிய பிலிப்பு ஓடிப்போய் அவன் வாசிக்கிறதைக் கேட்டான். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டான். மந்திரி ஏறி உட்காரும்படி வேண்டிக்கொண்ட பிறகே ஏறினான். விமானத்தில் பக்கத்து இருக்கைக்காரருக்கு எழுந்து போக வழி கிடையாது. அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டாலோ, புத்தகத்தைத் திறந்தாலோ, ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னாலோ, அதோடு நிறுத்திவிட வேண்டும். நிறுத்தத் தெரியாதவனுடைய சாட்சியைப் பற்றி எனக்கு நிறையத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஷையைக் குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். லீஸ்திராவில் பவுலும் பர்னபாவும் ஒரு சப்பாணியை நடக்கச் செய்தபோது, ஜனங்கள் லிக்கவோனியா பாஷையிலே சத்தமிட்டு இவர்களைத் தேவர்கள் என்று கொண்டாடி, காளைகளையும் பூமாலைகளையும் கொண்டுவந்துவிட்டார்கள். விஷயம் அதுவரை முற்றிய பிறகுதான் அப்போஸ்தலர் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அந்த ஊர்ப் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை என்றே நான் நினைக்கிறேன். எதிரிலிருப்பவர் தலையாட்டினால் அவர் ஒப்புக்கொண்டார் என்று எண்ணாதே. மரியாதைக்காகவும், புரியாததை மறைப்பதற்காகவும், சீக்கிரம் முடியட்டும் என்பதற்காகவும் மனிதர் தலையாட்டுவார்கள். இரட்சிப்பு, பரிசுத்தமாக்கப்படுதல் என்று நாம் வீட்டில் பழகிய சொற்களை வெளியே அப்படியே எடுத்துப்போகாமல், உனக்கு நடந்ததை நடந்தபடி சொல். உனக்குக் காய்ச்சல் கண்ட அந்த ஜூன் மாதத்தைச் சொல். அத்தேனே என்கிற ஏதென்ஸ் பட்டணத்தாரிடம் பேசும்போது பவுல்கூட மோசேயை எடுக்காமல், அவர்களுடைய புலவர்கள் சொன்னதைத்தான் எடுத்துச் சொன்னார்.

சட்டத்தையும் அறிந்து வைத்துக்கொள். அடுத்த பயணம் நேபாளத்துக்கு இருக்கலாம் என்று எழுதியிருந்தாய். அங்கே 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 26-ஆம் பிரிவு பிறரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு, வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிடுவார்கள். நீ விமானம் ஏறி வந்துவிடுவாய். உன்னோடு பேசிய உள்ளூர்க்காரர் அங்கேயேதான் இருந்தாக வேண்டும் என்பதை மறக்காதே. பவுல் பிரசங்கித்த அத்தேனே இருக்கிற கிரேக்க நாட்டிலேயே அரசியலமைப்பின் 13-ஆம் பிரிவு மதமாற்ற முயற்சியைத் தடை செய்கிறது. அங்கே ஒருவர் வீட்டில் போய் மதம் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒரு முதியவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 1993-இல் தீர்ப்புப் பெற்றார். அவர் நம் சபையார் அல்லர், யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்தவர். இருந்தாலும் அந்தத் தீர்ப்பு நாம் படிக்க வேண்டியது. சாட்சி சொல்வது வேறு, முறையற்ற விதத்தில் மதம் மாற்றுவது வேறு என்று அந்த நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. பொருளாசை காட்டுவதையும், துயரத்திலோ தேவையிலோ இருப்பவர்களை நெருக்குவதையும் இரண்டாவது வகையில் சேர்த்தது. துயரத்தில் இருப்பவர்களை என்ற இடத்துக்கு வந்தபோது நான் மேலே வாசிக்காமல் வைத்துவிட்டேன்.

ஆகவே கவனமாயிரு. கேள்வி கேள், அழைத்தால் ஏறு, நிறுத்தத் தெரிந்துகொள். இதை முன்பே சொல்லிவிட்டேன் என்று தெரிகிறது.

உன் அத்தை தொலைபேசியில் ஒரு காரியம் சொன்னாள். பல நாட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடும்போது நீ ஒரு கணம் கண்களை மூடினாயாம். பக்கத்திலிருந்த பெண் ஏன் என்று கேட்டாளாம். "நன்றி சொல்கிறேன், யாருக்கு என்று கேட்டால் நீண்ட கதை" என்று நீ சொன்னாயாம். அவள் அந்த நீண்ட கதையைக் கேட்க மறுநாள் மாலை உன் அறைக்கே வந்தாளாம். இதைக் கேட்டு நான் எவ்வளவு மகிழ்ந்தேன் என்று எழுத முடியாது. அன்றைக்கே மூன்று பேரிடம் சொன்னேன். என் நாற்பது வருஷத்துக் கைப்பிரதிகளைவிட உன் ஒரு கணம் பெரியது. ஆனால் இதை நீ அத்தையிடம் சொன்னாய், என்னிடம் சொல்லவில்லை. உன் முதல் ஜெபத்தைக் கற்றுக்கொடுத்தவனுக்கு அடுத்தவர் வாயால்தான் இந்தச் செய்தி வர வேண்டுமா? மூன்று மாதங்களாக வீட்டுக்கு வருகிற செய்திகளில் வானிலை தவிர வேறொன்றும் இல்லையே என்று நான் வருந்துவதும் உண்மை.

உன் அம்மா இந்தப் பத்தியை அடிக்கச் சொல்கிறாள். அடிக்கவில்லை, ஏனென்றால் நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும்.

மெதடிஸ்ட் சபை இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறிய கதையை இப்போதுதான் முழுதாக வாசித்தேன். அங்குள்ள பூர்வகுடிகளுக்குச் சுவிசேஷம் சொல்வதற்காகப் போனவர் அவர். 1736 ஜனவரி 25 அன்று புயலில் பாய்மரத் துணி கிழிந்து, கடல் தண்ணீர் கப்பலின் தட்டுகளுக்குள் புகுந்தபோது ஆங்கிலேயர் அலறினார்கள்; உடன் பயணம் செய்த மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியரோ சங்கீதத்தை நிறுத்தாமல் பாடினார்கள். பிறகு அவர்களில் ஒருவரிடம், பயமாயில்லையா, உங்கள் பெண்களும் பிள்ளைகளும்கூடப் பயப்படவில்லையா என்று கேட்டவர் வெஸ்லிதான். அந்த மொரேவியர் யாரையும் தேடிப்போய்ப் போதிக்கவில்லை. இவர் தேடிவந்து கேட்டார். சில நாட்களில் சவான்னாவில் ஸ்பாங்கன்பர்க் என்ற மொரேவியப் போதகர், இயேசு கிறிஸ்துவை அறிவீரா என்று வெஸ்லியிடம் கேட்டார். அவர் உலக இரட்சகர் என்று அறிவேன் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்தார் என்று அறிவீரா என்று அவர் மறுபடியும் கேட்டபோது, இவருக்குத் திடமான பதில் வரவில்லை. மற்றவர்களை மனந்திரும்பச் செய்யப் போனேனே, என்னை யார் மனந்திரும்பச் செய்வார் என்று திரும்பி வருகிற கப்பலில் எழுதி வைத்தார்.

உனக்கு உதவும் என்றுதான் இதைக் குறித்து வைத்தேன். இரவு முழுவதும் அது எனக்கு உதவியது.

அந்த ரயில் பயணத்தை நீ மறந்திருக்க மாட்டாய். உனக்குப் பதினோரு வயது. எதிர் இருக்கையில் இருந்த மனிதர், மகனை அடக்கம் செய்துவிட்டுத் திரும்புகிறேன் என்று என்னிடம் சொன்னார். அவன் எப்படி இறந்தான் என்றுகூட நான் கேட்கவில்லை. வேதாகமத்தை எடுத்தேன். நித்தியத்தைக் குறித்தும், உங்கள் மகன் ஆயத்தமாயிருந்தானா என்பதைக் குறித்தும் முக்கால் மணி நேரம் பேசினேன். நீ என் சட்டையின் கையைப் பிடித்து இழுத்தாய். ஊழியத்துக்குத் தடையாக வராதே என்று அவர் முன்பாகவே உன்னை அதட்டினேன். அவர் "சரிங்க ஐயா" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு எழுந்துபோய், இரவெல்லாம் கதவருகே நின்றுகொண்டிருந்தார். நீ உன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாய். வெகுநேரம் அவர் பேச, நீ கேட்டுக்கொண்டிருந்ததை நான் படுத்தபடியே பார்த்தேன்.

பிள்ளைகளையும் எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் வாய் திறவாமல் அவனோடு தரையிலே உட்கார்ந்திருந்தார்கள்; நான் ஏழு நிமிஷம்கூட இருக்கவில்லை. உயிர்த்தெழுந்த நாளில், எம்மாவு ஊருக்குப் போகிற வழியில், ஆண்டவர் தம்மை அடையாளம் கண்டுகொள்ளாத சீஷர் இருவரிடம், துக்கமுகத்தோடு என்ன பேசிக்கொண்டு நடக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். நடந்ததெல்லாம் அவருக்கே நடந்திருந்தும் "எவைகள்" என்று கேட்டு, அவர்கள் முழுவதையும் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டே நடந்தார். ஊர் வந்ததும் அப்புறம் போகிறவர்போலக் காண்பித்தார். எத்தனையோ கூட்டங்களில் நான் அந்தப் பகுதியின்மேல் பேசியிருக்கிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. அடுத்த மாதம் சபையில் சாட்சி சொல்லும்படி என்னை அழைத்தபோது, அந்த மனிதர் கண்ணீர் விட்டுக் கைப்பிரதியை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார் என்று சொன்னேன். அவர் அதை இருக்கையிலேயே விட்டுவிட்டு இறங்கினார். நீ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் திரும்பாமல் பேசி முடித்தேன். பிறகு வேறு இரண்டு சபைகளிலும் அதே சாட்சியைச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் இன்னும் கொஞ்சம் அதிகமாக அழுதார். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. அந்த வருஷத்திலிருந்து பின்வரிசையில் உட்காரத் தொடங்கினாய். சிநேகிதிகளோடு இருப்பதற்காக என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கைப்பிரதிகளை நீ எடுத்து வைத்துவிட்டுப் போனது சரியே. பேச்சோடு பேச்சாகச் சாட்சி சொல்வது எப்படி என்று நான் உனக்கு இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். நீ அதைப் பதினோரு வயதிலேயே கதவருகே நின்று செய்தாய், நான் அதைத் தடை என்றேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் கேட்காமலிருப்பதற்கு உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு மட்டும் காரணமல்ல. என் பொய்யினால் நீ எதை இழந்தாய் என்று கேட்டு அறிகிற தைரியம் எனக்கு இல்லை. போதகரைப் பார்த்து, சபையில் பேச ஐந்து நிமிஷம் கேட்டிருக்கிறேன். அந்தச் சாட்சியை அதே இடத்தில் நின்று திருத்த வேண்டும். இன்னும் நாள் குறிக்கவில்லை. நீ வந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளச் சொல்லி உன் அம்மா எழுதச் சொன்னாள். அவள் முழங்கால் வலி பரவாயில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அன்று இரவு அந்த மனிதர் தம் மகனுடைய பெயரை உன்னிடம் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லை. உனக்கு நினைவிருந்தால் அந்தப் பெயரை எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா