காங்க்ரா என்றால் தர்மசாலா மட்டுமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் இமாச்சலப் பிரதேசத்துக் காங்க்ரா பள்ளத்தாக்கு பற்றிய கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தர்மசாலாவைத் தாண்டவே இல்லை. டெல்லியில் ராத்திரி பஸ் ஏறி, காலையில் அதே பள்ளத்தாக்கிலுள்ள பாலம்பூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் தௌலாதார் மலை சுவர் மாதிரி எதிரே நிற்கும், உச்சியைப் பார்க்கக் கழுத்து வலிக்கும். பக்கத்து வீட்டுக் கூரையில் ஓட்டுக்குப் பதில் கறுப்புக் கல் பலகை.

அங்கே விளையும் தேயிலைக்கே ஒரு கதை உண்டு. 1905 ஏப்ரல் 4 பூகம்பத்தில் சுமார் 20,000 பேர் இறந்தார்கள், 1620இல் ஜஹாங்கீர் படை பிடித்த காங்க்ரா கோட்டையும் சிதைந்தது, தோட்டங்களும் ஆலைகளும் நாசமாகி வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் பலர் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். காங்க்ரா தேயிலை பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

அப்புறம் அந்தக் குட்டி ரயில். பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர்நகர் வரை 164 கி.மீ., ஷானன் நீர்மின் நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகப் போட்டு, 1929இல் ஓடத் தொடங்கியது. மலையைக் குடையாமல் வளைந்து வளைந்தே போகும், மொத்தமே இரண்டு சுரங்கம்தான். இதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாமே?

— ஒரு வாசகர், கரோல் பாக், டெல்லி