கண்ணாடிச் சாமான் உடைவது ரோட்டில் அல்ல, பெட்டிக்குள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடி போய் ஆவணி வந்ததும் ராமநாதபுரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வீடு மாறுகிறவர்கள் கூடிவிடுவார்கள். கல்யாணச் சீராக வந்த டின்னர் செட், வெளிநாட்டிலிருந்து வந்த கண்ணாடிக் குடுவை, ஷோகேஸ் கிளாஸ் எல்லாம் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏறும். போய்ச் சேர்ந்து பிரித்துப் பார்த்து நாலு உடைந்திருந்தால் ரோட்டையும் டிரைவரையும் திட்டுகிறோம். உண்மையில் பெரும்பாலான கண்ணாடி பக்கத்துக் கண்ணாடியில் மோதித்தான் உடைகிறது. அதற்குக் காரணம் கட்டிய விதம். நம் கடற்கரையில் மணலும் ஈரக்காற்றும் இதோடு சேர்ந்துகொள்கின்றன. வீடியோக்களில் வரும் யோசனைகளில் இந்த இரண்டும் இருப்பதில்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

முதலில் மணல். கண்ணாடி அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் இருந்தால் போதும், அதிர்ச்சி வரும்போது விரிசல் அங்கிருந்துதான் ஓடும். காற்றில் ஈரம் இருந்தால் அந்தக் கீறல் இன்னும் லேசாக நீளும். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. சாதாரணக் கண்ணாடி 5.5 சுமாருக்குத்தான் வரும். ஆகவே காகிதத்துக்கும் டம்ளருக்கும் நடுவே ஒட்டிய நாலு மணல் துகள், வண்டி குலுங்கும் வழியெல்லாம் கீறிக்கொண்டே வரும். கச்சான் காற்று அடிக்கிற நாளில் திண்ணையிலோ முற்றத்திலோ உட்கார்ந்து கட்டக் கூடாது. அறைக்குள், கதவைச் சாத்தி, துவைத்து உதறிய போர்வையை விரித்து அதன்மேல் கட்டுங்கள். தரையில் கிடந்த சாக்கு, வாசலில் கிடந்த தென்னை நார் எதுவும் வேண்டாம். வைக்கோல் தப்பில்லை. காயாத வைக்கோலும், களத்து மண்ணோடு வாரிய வைக்கோலும்தான் தப்பு.

இரண்டாவது ஈரம். கழுவிய பாத்திரத்தை ஒரு ராத்திரி முழுக்கத் துணிமேல் கவிழ்த்து வைத்து, காலையில் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்த பிறகே சுற்ற வேண்டும். ஈரத்தோடு மூடி, மாதக்கணக்கில் பரணில் போட்டால் கண்ணாடியில் உள்ள சோடியம் மெல்ல வெளியே கசிந்து, மேற்பரப்பு வெள்ளையாகப் பூத்துவிடும். உப்புத் தண்ணீர்க் கறை என்றால் வினிகர் போட்டால் போகும். இந்தப் பூப்பு முற்றிவிட்டால் வினிகருக்கும் போகாது. உடனே பிரிக்கப் போவதில்லை என்றால் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள்.

அட்டைக்கும் ஈரம் ஆகாது. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டினால் நெளி அட்டைப் பெட்டியின் தாங்கும் வலு ஏறத்தாழ பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிப்பெட்டி நசுங்குவது அதனால்தான். கண்ணாடிக்கு மூன்றடுக்கு அட்டை போதாது, ஐந்தடுக்கு வேண்டும். பெட்டி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. 40 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் போதும், நிறைந்தால் 15 கிலோவைத் தாண்டக் கூடாது. அடியில் நடு மடிப்பு நெடுக ஒரு டேப், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று. 48 மி.மீ. அகல டேப், பக்கச் சுவரில் 8 செ.மீ. ஏற வேண்டும். டேப்பை நம்பாமல் கயிற்றை இறுக்கிக் கட்டுவது நம் ஊர் வழக்கம். கயிறு மூலையை நசுக்கும், நசுங்கிய மூலைக்குப் பின்னால்தான் முதல் தட்டு நிற்கும். கயிறு கட்டியே ஆக வேண்டும் என்றால் மூலைகளில் அட்டை மடித்து வையுங்கள்.

டம்ளருக்கு நல்ல பெட்டி எது என்று கேட்டால் சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். மதுக்கடைக்கு 12 முழு பாட்டில் வரும் பெட்டி. தடுப்பு அட்டையோடு 12 அறை, ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் அச்சாக உட்காரும். மேலே உள்ள அச்சு பிடிக்காதவர்கள் பெட்டியை உள்பக்கம் வெளியாகத் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். மருந்துக் கடையில் சிரப் பாட்டில் வரும் பெட்டியிலும் தடுப்பு கிடைக்கும், அறை மட்டும் சிறிது.

கட்டும் முறைக்கு வருவோம். அடியில் கசக்கிய காகிதம், அமுங்கிய பிறகும் 5 செ.மீ. இருக்க வேண்டும். தட்டுகளைப் படுக்க வைக்காதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சுற்றி, விளிம்பு கீழே இருக்கும்படி நிமிர்த்தி, பக்கம் பக்கமாக நெருக்கி வையுங்கள். படுத்த தட்டின் நடுவில் மேலே உள்ள அத்தனை பாரமும் விழும், நின்ற தட்டு அதைத் தாங்கிக்கொள்ளும். கனமானது அடியில், டம்ளரும் கிண்ணமும் மேல் அடுக்கில் நிமிர்ந்தபடி. கால் வைத்த கிளாஸ் என்றால் முதலில் காலைத் தனியாகச் சுற்றி வாய் அகலத்துக்குப் பருமனாக்கிக்கொண்டு, பிறகு முழுசாகச் சுற்ற வேண்டும். டம்ளருக்குள் காகிதம் திணிப்பவர்கள் லேசாகப் போட்டால் போதும். இறுகத் திணித்தால் உள்ளிருந்து வெளியே தள்ளும், விளிம்பு விரிசல் விடும். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவே கூடாது. ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, வெளி டம்ளரை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்துங்கள், கழன்று வரும். கொதிநீர் வேண்டாம்.

நாளிதழைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும். அச்சு மை கண்ணாடியில் ஒட்டும். பொன் விளிம்பு போட்டதிலும், சொரசொரப்பான பனிக் கண்ணாடியிலும் ஒட்டினால் துடைப்பது சிரமம். கண்ணாடியைத் தொடும் முதல் சுற்று அச்சடிக்காத தாளாகவோ பழைய வேட்டித் துணியாகவோ இருக்கட்டும், நாளிதழ் அதற்கு மேல். பபிள் ரேப்பும் அப்படியே, தாளுக்கு மேல், குமிழ் உள்பக்கம் பார்த்து. தெர்மோகோல் உருண்டைகளை மட்டும் கொட்டி நிரப்பாதீர்கள். வண்டி குலுங்கக் குலுங்க உருண்டை மேலே வரும், பாத்திரம் அடிக்கு இறங்கிவிடும்.

மூடுமுன் பெட்டியை மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே சத்தம் கேட்டால் ஏற்றாதீர்கள், திறந்து இடுக்கை நிரப்புங்கள். ‘கண்ணாடி’ என்று மேலே மட்டும் எழுதினால் அடுத்த பெட்டி அதை மறைத்துவிடும். நாலு பக்கமும் எழுதி, மேல்நோக்கி அம்பு போடுங்கள்.

வண்டியில் இடம் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் உள்ள பகுதிதான் அதிகம் தூக்கிப் போடும், பாரம் குறைந்த வண்டி இன்னும் தூக்கும். கண்ணாடிப் பெட்டி கேபினை ஒட்டி வர வேண்டும். மெத்தையை அடியில் போட்டு அதன்மேல் வைத்தால் பெட்டி சாயும், மெத்தையைப் பக்கத்தில் நிறுத்தி அணை கொடுங்கள். காலையில் மீன் ஏற்றிய வண்டி என்றால் தளத்தில் ஈரம் இருக்கும். பலகை போடாமல் வைத்தால் அட்டை ஊறி, தூக்கும்போது அடி கழன்று கையோடு வரும். முகம் பார்க்கும் கண்ணாடி, ஷோகேஸ் கிளாஸ், டிவி மூன்றையும் படுக்க வைக்காமல் நிமிர்த்தி, வண்டி ஓடும் திசைக்கு இணையாகக் கட்டுங்கள். அவற்றின்மேல் குறுக்கே ஒட்டும் டேப் உடைவதைத் தடுக்காது, உடைந்தால் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். பாம்பன் சாலைப் பாலத்தில் இணைப்புகளைக் கடக்கும்போது டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னால் தப்பில்லை.

சபுராளிகள், அதாவது வெளிநாடு போய் வருகிறவர்கள், விமானத்தில் கொண்டுவரும் அத்தர், சென்ட் பாட்டில்களுக்கு மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு, சூட்கேஸின் நடுவில், எந்தச் சுவரிலிருந்தும் 5 செ.மீ. தள்ளி, துணிகளுக்கு இடையே வையுங்கள். ஓரத்தில் சொருகிய ஷூவுக்குள் வைப்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். பெட்டி விழுவதே ஓரம் படத்தான்.

போய்ச் சேர்ந்ததும் வெயிலில் நின்ற வண்டியிலிருந்து இறக்கிய கண்ணாடியை உடனே குளிர்ந்த தண்ணீரில் கழுவ வேண்டாம், ஒரு மணி நேரம் நிழலில் ஆறட்டும். காகிதத்தை எறியுமுன் ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள், சின்ன மூடிகள் அதற்குள்தான் போகும். எதுவும் உடைந்திருந்தால் குப்பையோடு கலக்காமல் அட்டையில் சுற்றி, டேப் போட்டு, ‘உடைந்த கண்ணாடி’ என்று எழுதித் தூய்மைப் பணியாளர் கையில் தனியாகக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுச் சாமான் கட்டும் தொழிலாளர்கள்,
ராமநாதபுரம்.