ரிக்டரை விடுங்கள், எந்த ஊர் எவ்வளவு ஆடியது என்று சொல்லுங்கள்

தமிழ்த் தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் செய்தி எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். எங்காவது நிலம் நடுங்கினால் சில நிமிடங்களில் திரையின் அடியில் ஒரு வரி ஓடுகிறது: 'ரிக்டர் அளவுகோலில் 6.2 ஆகப் பதிவு.' பெரும்பாலும் அவ்வளவுதான் செய்தி. பார்ப்பவர்கள் அதைப் பத்துக்கு எத்தனை மார்க் என்பதுபோல் எடுத்துக்கொள்கிறார்கள். 7 என்றால் 6-ஐ விடக் கொஞ்சம் கூடுதல், 5 என்றால் பயமில்லை. இதை மாற்ற உங்களால் முடியும் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஊர்த் திருவிழாவில் போடும் அதிர்வேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். திணித்த மருந்து ஒன்றுதான். ஆனால் கோயிலை ஒட்டிய வீட்டில் ஓடு அதிர்கிறது, அடுத்த ஊரில் மெல்லக் காதில் விழுகிறது. நிலநடுக்கத்தின் அளவு அந்த மருந்தைப் போன்றது. ஒரு நடுக்கத்துக்கு ஒரே எண். ஓடு அதிர்வதைப் போன்றது அதிர்வின் தீவிரம். அது ஊருக்கு ஊர் மாறும். அதை ஒன்று முதல் பன்னிரண்டு வரை ரோமன் எண்களில் குறிப்பார்கள்.

அளவில் ஒன்று கூடினால் கருவியில் பதியும் அலையின் வீச்சு 10 மடங்காகிறது, வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்காகிறது. இரண்டு கூடினால் ஆற்றல் 1000 மடங்கு. 'அடிக்கடி லேசாக ஆடிவிட்டால் பெரியது வராது' என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு 7-இன் ஆற்றல் வெளியேற 5 அளவில் ஆயிரம் நடுக்கங்கள் வேண்டும்!

1993 செப்டம்பர் 30 அதிகாலை மகாராஷ்டிராவின் கில்லாரியில் வந்தது 6.2 தான். பிள்ளையார் கரைப்பு முடிந்து ஊரே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஆழம் குறைவு. மண்சாந்து வைத்துக் கட்டிய தடித்த கல்சுவர்கள், மேலே கனமான மண்கூரை. பல ஆயிரம் பேர் தங்கள் வீடுகளுக்குள்ளேயே புதைந்தார்கள். அதே அளவு நடுக்கம் பூமிக்குள் பல நூறு கிலோமீட்டர் ஆழத்தில் வந்திருந்தால் பலருக்குத் தூக்கம்கூடக் கலைந்திருக்காது. 6.2 என்ற எண் மட்டும் இதில் எதைச் சொல்கிறது?

தூரம் மட்டும் காப்பாற்றிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2025 மார்ச் 28 அன்று மியான்மரில் 7.7. ஏறத்தாழ 1000 கிலோமீட்டர் தள்ளி, பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த உயரமான கட்டடம் ஒன்று சரிந்தது. அந்த நகரத்தின் அடியில் உள்ள மென்களிமண் மெதுவான அலைகளைப் பெரிதாக்கும். 2001-இல் பூஜ் நடுங்கியபோது 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன.

இதற்கு நேர்மாறானது 2004 டிசம்பர் 26. சென்னையில் காலையில் லேசான ஆட்டம்தான், பலர் உணரவேயில்லை. ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் முதலில் 8.0 என்றது, ஒரு மணி நேரத்துக்குப் பின் 8.5 என்றது. உண்மையில் அது 9-ஐத் தாண்டியது. 8.0-க்கும் 9.1-க்கும் இடையே ஆற்றல் 40 மடங்குக்கும் மேல். கடல் நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆட்டம் லேசாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அதனால் அளவும் வேண்டும், தீவிரமும் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

அப்புறம் இந்த ரிக்டர். 1935-இல் சார்லஸ் ரிக்டர் தெற்குக் கலிபோர்னியாவுக்காக, ஒரு குறிப்பிட்ட கருவியை வைத்து வகுத்த முறை அது. மிகப் பெரிய நடுக்கங்களை அதனால் பிரித்துக் காட்ட முடியாது. பாறை எவ்வளவு பரப்பில், எவ்வளவு தூரம் நழுவியது என்று பார்த்துக் கணக்கிடும் முறையை 1979-இல் ஹாங்க்ஸும் கனமோரியும் தந்தார்கள். பெரிய நடுக்கங்களுக்கு இன்று வழக்கில் இருப்பது அதுதான். ரிக்டர் என்ற பெயரை விட்டுவிட்டு 'அளவு 6.2' என்று மட்டும் எழுதினால் போதும்.

எண்ணோடு ஆழத்தையும் போடுங்கள். டில்லியில் உள்ள தேசிய நிலநடுக்கவியல் மையத்தின் அறிவிப்பிலேயே அது இருக்கிறது. பெரிய நடுக்கம் என்றால் எந்த ஊரில் என்ன தீவிரம் என்ற வரைபடத்தை அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையம் வெளியிடும். அதிலிருந்து இரண்டு மூன்று ஊர்களை எடுத்து, 'இங்கே பாத்திரங்கள் கலகலத்தன, அங்கே சுவர் விரிசல் விட்டது' என்று எழுதுங்கள். முதலில் சொன்ன எண் பின்னால் மாறினால், கூடுதல் கருவிகளின் பதிவுகள் வந்ததால் மாறியது என்று ஒரு வரி சேருங்கள். கடலுக்கடியில் பெரிதாக வந்திருந்தால், நம் ஊரில் ஆட்டம் எவ்வளவு லேசாக இருந்தாலும், சுனாமி எச்சரிக்கை உண்டா இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாசகர் ஒருவர்