போனிபாசியோவைப் பற்றி எழுதும் இதழாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். பிலிப்பைன்ஸ் விடுதலைப் போரைப் பற்றி எழுதும்போது எழுத்தாளர் ஹோசே ரிசாலின் முடிவையே, ஸ்பானிய ஆட்சியை எதிர்த்த கட்டிபுனான் என்ற ரகசியச் சங்கத்தின் தலைவர் ஆந்த்ரேஸ் போனிபாசியோவுக்கும் எழுதிவிடுகிறார்கள். ரிசாலை 1896 டிசம்பர் 30 அன்று மணிலாவில் சுட்டுக் கொன்றது ஸ்பானிய அரசு. போனிபாசியோ 1897 மே 10 அன்று செத்தது சொந்தப் புரட்சிப் படையின் கையால். இந்த ஒரு வரி தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

முதலில் சின்னச் சின்ன விஷயங்கள். புரட்சி நடந்த மாகாணத்தின் பெயர் கவித்தே, மூன்று அசை. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'கேவைட்' என்று போடாதீர்கள். 1896 ஆகஸ்டில் கட்டிபுனான் சங்கத்தார் கிழித்தெறிந்த செடுலாவை வெறும் 'அடையாள அட்டை' என்றால் பாதிப் பொருள் போய்விடும். அது தலைவரி கட்டியதற்கான சீட்டும்கூட. அதைக் கிழிப்பது இனி வரி இல்லை என்று சொல்வது. எங்கே, எப்போது என்பதில் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆகஸ்ட் 23, புகாட் லாவின் என்பது அரசு ஏற்ற கணக்கு. 26, பாலிந்தாவாக் என்பாரும் உண்டு. இரண்டையும் போட்டுவிடுங்கள்.

நிதானமாக எழுத வேண்டிய இடம் தெஹெரோஸ் என்ற ஊரில் நடந்த புரட்சியாளர் கூட்டம். கவித்தேயில் சங்கம் மக்திவாங், மக்தாலோ என இரண்டு அணியாகக் கிடந்தது. 1897 மார்ச் 22 அன்று புதிய அரசுக்குத் தேர்தல். நடத்தியவர் போனிபாசியோ. யார் ஜெயித்தாலும், படிப்பு அந்தஸ்து பாராமல் ஏற்க வேண்டும் என்று முதலிலேயே எல்லாரிடமும் ஒப்புதல் வாங்கிக்கொண்டார். தலைவர் பதவி மக்தாலோ அணியின் எமிலியோ அகினால்டோவுக்குப் போனது. அவர் அங்கே இல்லை, போர்முனையில் இருந்தார். அன்று அவருடைய பிறந்தநாள் வேறு. போனிபாசியோவுக்குக் கிடைத்தது உள்துறை. உடனே மக்தாலோ அணியின் தானியேல் திரோனா எழுந்து, அந்தப் பதவிக்கு ஒரு வக்கீல்தான் வேண்டும் என்றார். போனிபாசியோ துப்பாக்கியை உருவ, தளபதி ரிக்கார்த்தே கையைப் பிடித்துத் தடுத்தார். தேர்தல் செல்லாது என்று சொல்லிவிட்டு போனிபாசியோ வெளியேறினார். முன்பு வாங்கிய அந்த ஒப்புதலை விட்டுவிட்டு இந்தக் காட்சியை எழுதினால், பதவி கிடைக்காத ஒருவரின் கோபமாக அது சுருங்கிவிடும். பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகிறது.

ஏப்ரல் இறுதியில் கவித்தேயின் இந்தாங் அருகே லிம்போனில் அகினால்டோவின் படையினர் போனிபாசியோவைப் பிடித்தார்கள். தம்பி சிரியாகோ அங்கேயே இறந்தார். போனிபாசியோவுக்குக் கையில் குண்டு, கழுத்தில் கத்திக்குத்து. தூளியில் வைத்துத்தான் தூக்கிப்போனார்கள். மராகொண்டோன் ஊரில், புதிய அரசுக்கு எதிராகச் சதி செய்ததாக விசாரணை, மரண தண்டனை. அகினால்டோ அதை நாடுகடத்தலாகக் குறைத்தார். நோரியெல், பியோ தெல் பிலார் ஆகிய தளபதிகள் வற்புறுத்தவே குறைப்பைத் திரும்பப் பெற்றார். இந்தக் குறைப்பை மட்டும் சொல்வதும் பிழை, மறைப்பதும் பிழை. கொல்லும் உத்தரவு இருந்த முத்திரையிட்ட உறையோடு படை அதிகாரி லாசாரோ மகாபகால் அவரையும் தம்பி ப்ரொகோபியோவையும் மலைக்கு அழைத்துப்போனார். சுட்டதாக மகாபகாலே சொன்னார். வெட்டிக் கொன்றதாகவும் பேச்சுண்டு.

சுதந்திர நாள் விஷயம்: கவித்தே மாகாணத்தின் கவித் என்ற நகரில் அகினால்டோ அறிவித்தது 1898 ஜூன் 12. அதே டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கைப்படி 2 கோடி டாலர் கொடுத்து ஸ்பெயினிடமிருந்து நாட்டை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. அமெரிக்கா விட்டது 1946 ஜூலை 4. விழா ஜூன் 12-க்கு மாறியது 1962-இல்.

இன்னொன்று. நவம்பர் 30 போனிபாசியோவின் பிறந்தநாள் (1863, மணிலாவின் தொண்டோ). ரிசாலுக்கு இறந்த நாளில் விடுமுறை, இவருக்குப் பிறந்த நாளில். மே 10-ஐக் கொண்டாடப் போனால் கொன்றது யார் என்றும் சொல்ல வேண்டிவரும், அதனால்தானோ என்பது எங்கள் ஊகம். எப்படியானாலும், அன்றைய பக்கத்தில் 'நினைவு நாள்' என்று தலைப்பு வைக்காதீர்கள்.