கமக்காரர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, பின்னேர இறைப்பை முடித்துக்கொண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வருடம் நிர்வாகசபை மாதம் தவறாமல் கூடியது. விதை வெங்காயம் பகிர்ந்தது, வாய்க்கால் துப்புரவுச் சிரமதானம், வாசிகசாலைக் கூரை திருத்தியது எல்லாம் கூட்டக் குறிப்பேட்டில் விபரமாக இருக்கின்றன. வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். எங்களை விட்டுப் பிரிந்த இரண்டு மூத்த அங்கத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்துகிறோம். அவர்களில் ஒருவர் இளவயதில் துலா மிதித்தவர். கிணற்றடியில் நீண்ட துலாமரத்தில் ஒருவர் ஏறி நடக்க, இன்னொருவர் அதில் தொங்கும் கொடியைப் பிடித்து, பட்டை என்ற ஓலை வாளியால் தண்ணீர் இறைக்கும் பழைய முறை அது. அந்த ஐயாவைப் பற்றிக் கீழே திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மீதி அறிக்கை முழுவதும், எண்ணெய் இல்லாமல் காலால் மிதித்துக் கிணற்றுத் தண்ணீர் இறைக்க நாங்கள் செய்த பம்பைப் பற்றித்தான். எங்கள் நேரமும் உழைப்பும் பெரும்பாலும் அதற்கே போனது.

2022 ஆவணியில், தண்ணீர் இறைக்கிற மெஷினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்குப் போனது. அதற்கு முந்திய மாதங்களில் காசு இருந்தும் எண்ணெய் இல்லை. வெங்காயம் வாடுவதைப் பார்த்துக்கொண்டு வெறும் கானுடன் வரிசையில் நின்றோம். 90களில் யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் நாங்கள். கிணற்றடியிலும் அதே சைக்கிளால் ஏதாவது செய்யலாமே என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒரு அக்கா எழுந்து கேட்டார். அந்தக் கேள்விதான் தீர்மானமானது.

முதலில் நாங்கள் செய்தது மிதிபம்பு. 1970களின் கடைசியில் பங்களாதேஷின் ரங்பூர்ப் பக்கத்தில் நோர்வேப் பொறியியலாளர் கன்னர் பார்ன்ஸ் உருவாக்கியது அது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உருளைகள், மேலே இரண்டு மூங்கில் மிதிகள். ஒரு கால் இறங்க மறுகால் ஏறும். தண்ணீர் விடாமல் வரும். அந்த நாட்டில் பத்து லட்சத்துக்கு மேல் விற்றிருக்கிறது. கையை விடக் காலுக்குப் பலம் அதிகம், உடம்புப் பாரமும் சேர்ந்து உதவும் என்பதுதான் அதன் நுட்பம். நாங்கள் உருளைக்கு பிவிசி பைப்பும், வாசருக்குப் பழைய லொறி ரியூப்பும் வெட்டினோம். சித்திரையில் நன்றாக இறைத்தது. எல்லோரும் வந்து மிதித்துப் பார்த்தோம்.

ஆடி கழிய நிலைமை மாறியது. மிதித்தால் காற்றுத்தான் வந்தது. வாசர் பிழை என்று நினைத்து இரண்டு கிழமை வாசரையே மாற்றிக்கொண்டிருந்தோம். வால்வையும் கழற்றிக் கழுவினோம். அந்த நேரம் கிணற்றுக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஐயா சொன்னார்: “துலாவிலை பட்டை தண்ணிக்குள்ளை இறங்கித்தான் தண்ணியைக் கொண்டு வரும். நீங்கள் மேலை நிண்டு உறிஞ்சப் பாக்கிறியள்.” உடனே கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி அளந்தோம். தண்ணீர் ஏழரை மீற்றருக்குக் கீழே போயிருந்தது.

விஷயம் அங்கேதான் இருந்தது. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாங்கள் நினைக்கிறோம். உண்மையில் பைப்புக்குள் காற்றைக் குறைத்துவிட, கிணற்று நீரின் மேல் அழுத்துகிற வெளிக்காற்றுத்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. கடல்மட்டத்தில் அந்த அழுத்தத்தால் பத்து மீற்றர் சொச்சம் தள்ள முடியும். கசிவும் உராய்வும் போக, நடைமுறையில் ஏழு மீற்றர்தான். மேலே வைத்த எந்த உறிஞ்சு பம்புக்கும் இதே எல்லைதான். ரங்பூரில் நீர் மேலேயே நிற்பதால் அங்கே அது சரி. எங்கள் கிணறுகள் மாரியில் நிரம்பினாலும் ஆவணி, புரட்டாசியில் அடியைத் தொடும். தண்ணீர் மிக அவசரமாகத் தேவைப்படும் மாதத்தில் நின்றுவிடுகிற பம்பை அங்கத்தவர்களிடம் கொடுக்க முடியாது.

அப்புறம் கயிற்றுப் பம்புக்கு மாறினோம். நிக்கராகுவாவில் 1990களில் கிராமம் கிராமமாகப் பரவிய வகை இது. தொடர் கயிறு ஒன்றில் மீற்றருக்கு ஒன்றாக றப்பர் வட்டுகள் கோர்த்திருக்கும். கயிறு கிணற்றுக்குள் இறங்கி, அடியில் திரும்பி, பைப்புக்குள் நுழைந்து மேலே வரும். ஒவ்வொரு வட்டும் தன் மேல் நிற்கும் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வரும். ஐயா சொன்ன பட்டையேதான், சின்னச் சின்னப் பட்டைகளாக வரிசையில் வருகிறது. உறிஞ்சுவது என்ற பேச்சே இல்லாததால் ஏழு மீற்றர்க் கணக்கும் இல்லை.

பார்க்கச் சுலபம், சரிவரச் செய்ய மூன்று மாதம் பிடித்தது. வட்டைப் பழைய ரயரில் வெட்டினோம். பைப்புக்கு இறுக்கமாக இருந்தால் மிதிக்க முடியாது. தளர்ந்தால் தண்ணீர் வழுகிக் கீழே போகும். கடைசியில் சுற்றிவர ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவான இடைவெளி விட்டதும் சரியாக வந்தது. சைக்கிள் வெறும் ரிம்மில் கயிறு வழுக்கியது. வெல்டிங் கடைத் தம்பி இரண்டு ரயர் ஓரங்களை வெட்டி முகத்துக்கு முகம் பொருத்தினார். கயிறு அந்தப் பள்ளத்தில் கவ்விக்கொண்டது. கூலி வாங்க மறுத்துவிட்டார், அவருக்கு இந்தச் சபையில் நன்றி சொல்கிறேன். அடியில் கயிறு திரும்புகிற இடத்தில் சீமெந்து அதை அறுத்தது. அதற்குள் தடித்த சோடாப் போத்தல் கழுத்தைப் பதித்த பிறகு அறுவது நின்றது.

ஓரங்குலப் பைப்பில் எட்டு மீற்றருக்கு நிற்கும் தண்ணீர் சுமார் நாலு கிலோதான். அதனால்தான் ஏ.எல். என்ற உயர்தர வகுப்புப் படிக்கிற பிள்ளைகளும் அறுபது வயது அம்மாவும் ஒரே பம்பை மிதிக்க முடிகிறது. இருபது லீற்றர் வாளி முக்கால் நிமிடத்துக்குள் நிரம்புகிறது.

ஒன்றைத் திறந்து சொல்ல வேண்டும். முதலில் ஆண்களின் சைக்கிள் பிரேமைத்தான் பொருத்தினோம். அந்தக் குறுக்குச் சட்டத்துக்கு மேலால் காலைப் போட்டு ஏறப் பெண்கள் தயங்கினார்கள். எங்கள் ஊரில் வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவது பெரும்பாலும் அவர்கள்தான். நாங்கள் கேட்காமலே செய்துவிட்டோம். இப்போது லேடீஸ் சைக்கிள் பிரேம், பக்கத்தில் பிடிக்க ஒரு கம்பி, முழங்கால் உயரத்தில் மிதி. தண்ணீர் விழுவதை இருந்தபடியே பார்க்கலாம்.

எவ்வளவு காணிக்குப் போதும் என்று பலர் கேட்கிறார்கள். ஒரு பரப்பு கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர். பத்து மில்லிமீற்றர் தண்ணீர் விட 2,500 லீற்றர் வேண்டும். நிமிடத்துக்கு 25, 30 லீற்றர் என்று வைத்தால் ஒன்றரை மணித்தியாலம். இரண்டு பேர் மாறி மாறி மிதிக்கலாம். பாத்திக்கு வைக்கோலோ சருகோ பரப்பினால் இடைவெளி விட்டு இறைக்கலாம். ஆறு, ஏழு பரப்பு வெங்காயம் செய்பவருக்கு இது காணாது, அவருக்கு மெஷின் வேண்டும்.

மெதுவாக இறைப்பதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை. எங்களுக்கு வற்றாத ஆறு இல்லை, குளத்துப் பாசனம் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கீழே கிடக்கிற உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஒரு அடி நின்றால் கீழே நாற்பது அடி அளவு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி இறங்கினால் அடியிலிருந்து உப்பு எவ்வளவு ஏறப் பார்க்கும் என்று நீங்களே யோசியுங்கள். இரண்டங்குல மெஷின் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது கிணற்றடியில் உப்பு கூம்பு போல மேலே வருகிறது. கரையோரம் சில கிணறுகள் உவராகிப் போனதை நாங்கள் கண்ணால் கண்டோம். கால் இறைக்கிற வேகத்துக்குக் கிணறு ஊறித் தாக்குப்பிடிக்கும். சின்னத் தோட்டங்களாவது இதற்கு மாற வேண்டும் என்று நான் விரும்புவது எண்ணெய் விலைக்காக மட்டுமல்ல.

உதவி கேட்டு ஒரு அலுவலகத்துக்கு இரண்டு தரம் எழுதினோம். பதில் வரவில்லை. மூன்றாவது கடிதம் எழுதுவதை விட நாங்களே இன்னொரு பம்பு செய்வது நல்லது என்று நிர்வாகசபை முடிவு செய்தது.

ஐயா கார்த்திகையில் காலமானார். அதற்கு முதல் ஒருநாள் வந்து, மிதியில் கால் வைத்து நாலு சுற்றுச் சுற்றினார். வாய்க்காலில் தண்ணீர் விழுந்ததும், “கொடி இழுக்க ஆள் வேண்டாம் எண்டால் நல்லதுதான்” என்றார்.

வரும் வருடம் மூன்று கிணறுகளில் பொருத்த உத்தேசித்திருக்கிறோம். கயிறு ஐந்து மாதத்தில் தேய்ந்திருக்கிறது, கோடை தொடங்க முதல் மாற்ற வேண்டும். வீட்டில் பாவிக்காத லேடீஸ் சைக்கிள் இருந்தால் துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, வாசிகசாலைக்குக் கொண்டுவந்து விடுங்கள். கூட்டம் முடிந்ததும் பின்பக்கக் கிணற்றடியில் பம்பை ஓட்டிக் காட்டுவோம். இதுவரை மிதித்துப் பார்க்காதவர்கள் முதலில் வரவும்.

நன்றி.

செயலாளர்