கார்டில் தேதி எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கைபேசியில் வருவதைச் சரிபார்த்துப் பார்க்க மக்கள் பழக வேண்டும் என்று போன வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு அறைக்குப் போகிறவன், வந்து குவிந்திருக்கும் வாட்ஸ்அப் செய்திகளில் எதை எடுத்துச் சரிபார்ப்பான்? அனுப்பியது யார் என்றுதான் பார்ப்பான். மச்சானோ சித்தப்பாவோ என்றால் நம்பிவிடுவான். நானும் அப்படித்தான்.

2023 மார்ச் முதல் வாரம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் சுற்றின. அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபுவே வந்து மறுத்தார். ஒன்று பீகார் தொழிலாளர்கள் தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றது கோவையில் உள்ளூர்க்காரர்கள் சண்டை என்றார். பீகார் அரசும் விசாரிக்க ஒரு குழுவை அனுப்பியது. மறுப்புக்குக் குறைச்சலே இல்லை. ஆனால் எங்கள் கம்பெனியில் வேலை செய்யும் பீகார் பையன்களின் போனுக்கு அதுவும் இன்னொரு ஃபார்வர்டாகத்தான் வந்து சேர்ந்தது. பொய்யை அனுப்பியது ஊரில் அழுதுகொண்டிருக்கும் அம்மா. உண்மையைச் சொன்னது முன்பின் பார்த்திராத போலீஸ் அதிகாரி. அந்த வயதில் நாமாக இருந்தால் யாரை நம்பியிருப்போம்? ஹோலி வேறு 8ஆம் தேதி. பண்டிகைக்குக் கிளம்பியவன் யார், பயந்து கிளம்பியவன் யார் என்று எங்களுக்கே பிடிபடவில்லை.

பலமுறை சுற்றிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மேல் அனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் 2020லேயே கட்டுப்பாடு வைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அம்மா மகன் ஒருவனுக்குத்தானே அனுப்புகிறாள், அங்கே அந்தக் கட்டுப்பாட்டுக்கு என்ன வேலை?

எங்கள் ஓவர்லாக் தையல் மிஷின் வரிசையில் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பாமல் தங்கியதற்குக் காரணம் ஒரு பீகார் டெய்லர். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மிஷின், டீக்கடை, எங்கள் முகம் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டினார். அவருடைய அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு இந்தி வராது, கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம் ஒவ்வொருவராக அதையே செய்தார்கள். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கும்பிடுவதே வேலை.

இதைச் சொல்லிவிட்டு என் கதையையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை என்று மச்சான் ஒரு நியூஸ் கார்டு அனுப்பினார். வெளியே தூறல்கூட இருந்தது. மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அது முந்தைய வருஷத்துக் கார்டு. மூலையில் கடுகளவு எழுத்தில் இருந்த தேதியை யாரோ வெட்டிவிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பத்திரிகையின் கார்டிலும் தேதி அதே மூலையில்தான் இருக்கிறது. அதைத் தலைப்புக்கு நடுவிலேயே, வெட்டினால் செய்தியும் சேர்ந்து போகிற மாதிரி, பெரிதாகப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பூர்.